ஒரு தோட்டுக்குப் பின்னால் எத்தனை கை? ஆசாரி, கல் கட்டுபவர், மெருகுக்காரர் பற்றி ஓர் இழை

#1 மலைக்கோட்டை மீனா

அம்மாவிடம் ஏழு கல் வைரத் தோடு ஒன்று இருக்கிறது. 1974-ல் அவர் கல்யாணத்துக்குத் தாத்தா செய்து போட்டது, மூடு கட்டடம், அதாவது பின்பக்கம் அடைத்துக் கல் கட்டியது. இடது காதுத் தோட்டில் ஒரு கல் மங்கிச் சாம்பல் பூத்தமாதிரி இருக்கிறது. பக்கத்துக் கல் நகத்தால் தொட்டாலே அசைகிறது. திருகாணியின் மரையும் தேய்ந்துவிட்டது.

போன வாரம் பெரிய நகைக்கடை ஒன்றுக்கு எடுத்துப்போனேன். கவுண்டரில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "இதெல்லாம் இப்ப யாரும் ரிப்பேர் பண்றதில்லைங்க மேடம். கல்லைக் கழட்டி, தங்கத்தை உருக்கி, புதுசா எடுத்துக்குங்க" என்றார். "உங்கள் கடை நகையெல்லாம் யார் செய்கிறார்கள்?" என்று கேட்டேன். "ஒர்க்‌ஷாப்ல இருந்து வரும்" என்றார். எந்த ஊர், யார் கை, எதுவும் அவருக்குத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அம்மாவுக்குத் தெரியும். இந்தத் தோட்டைச் செய்த ஆசாரி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் அளவு பார்த்தாராம். அம்மா காது மடலைப் பிடித்துப் பார்த்து, "பாப்பாவுக்குத் துளை கொஞ்சம் கீழே இருக்கு, தோட்டைத் தூக்கிக் கட்டணும்" என்றாராம். ஐம்பது வருடம் கழித்தும் அம்மா அதை அப்படியே சொல்கிறார்.

மூடு கட்டடத்தைப் பிரித்துக் கட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா? அப்புறம், ஒரு நகை நம் கைக்கு வரும்வரை யார் யார் கைக்குப் போகிறது? தொழிலில் இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

#2 உமியோடு

அக்கா, தயவுசெய்து உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். அந்த வேலைக்கு ஆள் இருக்கிறது.

நான் கும்பகோணம் பக்கம். தாத்தாவும் அப்பாவும் ஆசாரிகள். நான் பத்து வருடம் அப்பாவோடு பட்டறையில் உட்கார்ந்துவிட்டு இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் ஒரே ஆசாரி பாதி வேலையைத் தானே செய்வார். தங்கத்தை மூசையில் உருக்கிக் கட்டியாக ஊற்றுவது, பட்டடையில் அடித்துத் தகடாக்குவது, கம்பியச்சில் துளை துளையாக மாற்றி இழுத்து மெல்லிய கம்பியாக்குவது, எல்லாம் அவர்தான். தங்கம் அடிக்க அடிக்க விறைத்துக்கொள்ளும். பழுக்கக் காய்ச்சி இளக்கிவிட்டு மறுபடியும் அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் ஓரத்தில் வெடிப்பு விடும். முதல் இரண்டு வருடம் அப்பா எனக்குக் கொடுத்த வேலை இது மட்டும்தான், அதுவும் செம்பில்.

பிறகு ஊத்து, அதாவது சுடரை ஊதி மூட்டுகளைப் பற்றவைப்பது. உமியோட்டில், அதாவது உமி நிரப்பிய சட்டியில், கரி கனன்றுகொண்டிருக்கும். ஊதுகுழலை வாயில் வைத்து ஒரு விளக்குச் சுடரை நகையின் மேல் சாய்த்து ஊத வேண்டும். மூச்சு விட்டு விட்டு ஊதினால் சுடர் துடிக்கும், பற்றவைப்பு சரியாக ஓடாது. அதனால் கன்னத்தில் காற்றைத் தேக்கி, அது குழல் வழியே போய்க்கொண்டிருக்கும்போதே மூக்கால் மூச்சு இழுக்க வேண்டும். நாகஸ்வரக்காரர்கள் செய்கிற அதே வித்தை. எனக்கு அது கைகூட ஒரு வருடம் ஆனது. தண்ணீர்ச் சொம்பில் பப்பாளிக் குழாயை விட்டு, குமிழி நிற்காமல் ஊதிப் பழகச் சொல்லுவார் அப்பா.

இரண்டு தங்கத் துண்டை ஒட்டவைக்கும் கலவைக்குப் பட்டறையில் பொடி என்று பெயர். வெங்காரத்தைக் குழைத்துத் தடவி, பொடியைச் சாமணத்தால் எடுத்து மூட்டில் வைத்து ஊதினால், நகை உருகுவதற்கு முன்னால் பொடி மட்டும் உருகி ஓடிப் பிடித்துக்கொள்ளும். ஊரில் 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்கிறோமே, அது இங்கிருந்து போனது என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். பழைய இலக்கணத்தில் இதற்குப் பற்றாசு என்று பெயர். வெண்பாவில் இரண்டாம் அடியின் மூன்றாம் சீருக்கும் தனிச்சொல்லுக்கும் நடுவில் இட்டு நிரப்பும் அசையை 'ஆசு' என்பார்கள். ஆசிடை நேரிசை வெண்பா என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். உரைகாரர்கள் அதை விளக்க எங்கள் பற்றாசைத்தான் எடுத்தார்கள்.

கல் கட்டுவது அப்பாவுக்குத் தெரியாது. அதற்குத் தனி ஆள். ஆசாரி கூடு செய்து கொடுப்பார், கல் கட்டுபவர் கல்லை ஏற்றுவார், மெருகு இன்னொரு கை. உங்கள் தோட்டுக்கு வேண்டியது இரண்டாவது ஆள்.

#3 பழையபேட்டை ராஜா

உமியோடு ஐயா எழுதியது அழகாக இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. 'தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்' என்று எங்கள் பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். அவருடைய இரட்டைவடச் சங்கிலியை நான் விற்கப் போனபோது, 22 கேரட் என்று செய்தது 88 டச்தான், அதாவது நூற்றுக்கு 88 பங்கு தங்கம்தான் காட்டியது. 91.6 இருக்க வேண்டிய இடத்தில் 88. குடும்ப ஆசாரி என்று நம்பிக் கொடுத்த நகை அது. கோபம் வருமா வராதா?

#4 உமியோடு

கோபம் வரும்தான். அந்தப் பழமொழியை நானும் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். வகுப்பில் ஒரு வாத்தியார் என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். எடுத்தவர்கள் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் பாட்டி சங்கிலியின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

பொடி நகைக்கு முன்னால் உருக வேண்டும் என்றேன். அப்படியானால் அதில் தங்கம் குறைவாகவும், வெள்ளியும் செம்பும் கூடுதலாகவும் இருந்தாக வேண்டும். வேறு வழி கிடையாது. இரட்டைவடத்தில் எத்தனை வளையம் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு பற்றவைப்பு. தனித்தனி வளையம் 22 கேரட்தான். மொத்தத்தையும் சேர்த்து உருக்கினால் அத்தனை மூட்டிலிருந்த பொடியும் கலந்துவிடும், டச் இறங்கிவிடும். கெட்டிக் காப்பை உருக்கினால் இவ்வளவு இறங்காது. மூட்டு நிறைய இருக்கும் நகைதான் அதிகம் இறங்கும்.

இதைச் சரிக்கட்டத்தான் கேடிஎம் வந்தது. பொடியில் காட்மியம் சேர்த்தார்கள். தங்கம் உருகுவது 1064 டிகிரியில். காட்மியம் 321-லேயே உருகி, 767-ல் கொதித்து ஆவியாகிவிடும். மூட்டைப் பிடிக்கவைத்துவிட்டுக் காட்மியத்தில் பெரும்பகுதி புகையாகப் போய்விடும், நகையை உருக்கினாலும் டச் 92-க்குப் பக்கத்தில் நிற்கும். வாங்குபவருக்கு நல்லது. அந்தப் புகை எங்கே போனது? குனிந்து உட்கார்ந்திருந்தவரின் நெஞ்சுக்குள். காட்மியம் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். எங்கள் தெருவில் ஐம்பது வயதுக்குள் மூச்சு வாங்கிப் படுத்தவர்களை எனக்குத் தெரியும். கடைகள் 'கேடிஎம் நகை' என்று பெருமையாகப் பலகை வைத்த வருடங்கள் அவை. பிறகுதான் இந்தியத் தர நிர்ணய அமைவனம் காட்மியம் கூடாது என்றது. இப்போது துத்தநாகம், இண்டியம் கலந்த பொடி இருக்கிறது, லேசர் பற்றவைப்பும் வந்துவிட்டது.

#5 பழையபேட்டை ராஜா

இது எனக்குத் தெரியாது. பாட்டி சங்கிலியில் நானே எண்ணிய வளையங்கள் முந்நூறுக்கு மேல். ஆசாரியைப் பற்றி நான் வீட்டில் பேசியதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. தொடர்ந்து எழுதுங்கள்.

#6 கோவை கல்கட்டு

வணக்கம். செல்வபுரத்தில் கல் கட்டும் வேலை. 14 வயதில் உட்கார்ந்தேன், இப்போது 51.

மீனா மேடம், உங்கள் கல் கெட்டுப்போகவில்லை. வைரம் மங்காது. மூடு கட்டடத்தில் கல்லுக்குக் கீழே கிண்ணம் மாதிரி ஒரு குழி இருக்கும், பின்பக்கம் அடைத்திருக்கும். குழிக்குள் பளபளவென்று ஒரு தகடு வைத்து, அதன் மேல் கல்லை உட்கார வைத்து, சுற்றிலும் தங்கத்தை நெருக்கி மூடிவிடுவோம். உள்ளே வருகிற வெளிச்சத்தைத் தகடு திருப்பி அனுப்பும். ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழுந்தால் போதும், தலைக்கு வைக்கும் எண்ணெயும் குளிக்கிற தண்ணீரும் இறங்கித் தகடு கறுத்துவிடும். மேலிருந்து பார்த்தால் கல்லே செத்தமாதிரி தெரியும். தகட்டை மாற்றிக் கட்டினால் பழையபடி எரியும்.

எப்படிச் செய்வோம் என்று கேட்டதால் சொல்கிறேன். குச்சி முனையில் அரக்கை இளக்கி, அதில் தோட்டைப் பதிப்போம். அரக்கு இறுகினதும் நகை அசையாது. மர முளையில் கையை ஊன்றிக்கொண்டு, மெல்லிய உளியால் கல்லைச் சுற்றியுள்ள தங்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குவோம். தங்கத்தைப் பிய்த்து எடுக்கக் கூடாது, மடக்கித் திறக்க வேண்டும். அதே தங்கம்தான் மறுபடியும் கல்லைப் பிடிக்க வேண்டும். உளி வழுக்கினால் வைரத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள், ஒரு கோணத்தில் பட்டால் மூலை சில்லு போய்விடும். பழைய கல்லென்றால் எனக்கு இன்றைக்கும் முதல் உளி வைக்கும்போது பயம் உண்டு.

கல்லை எடுத்துக் கழுவி, குழியைச் சுரண்டி, புதுத் தகடு வைத்து, கல்லை அதே திசையில் வைப்போம். ஏழு கல்லில் நடுக்கல் ஒன்று, சுற்றி ஆறு. சுற்றுக்கல் ஆறும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு கல் தலை தூக்கினால் சேலையில் மாட்டும். ஒரு கல் தாழ்ந்தால் தோடே கோணலாகத் தெரியும்.

திறந்த கட்டடம் எனக்கும் பிடிக்கும், கழுவ வசதி. ஆனால் பழைய தென்னாட்டு வைரத்தை மூடு கட்டடத்தில் பார்த்தவர்களுக்கு வேறு எதுவும் கண்ணில் நிற்காது. லேசாக நீலம் ஓடும் கல்லை எங்கள் பெரியவர்கள் புளூ ஜாகர் என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபொன்டைன் என்ற சுரங்கத்திலிருந்து வந்த கல்லுக்கு வைத்த பெயர் அது. சுரங்கம் மூடி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் நம் ஊர் மாமிகள் வாயில் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். யாரிடம் கொடுத்தாலும், கல்லை எண்ணி, எடை போட்டு, படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி.

#7 மெழுகுமரம்

நான் அடுத்த தலைமுறை ஆள். கோவையில் வார்ப்புப் பட்டறை ஒன்றில் கணினியில் நகை வரைகிறேன். எங்கள் வேலையை 'மிஷின் நகை' என்று ஒதுக்கிவிடுகிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

நான் வரைந்த மோதிரத்தை ஒரு இயந்திரம் பிசினில் அச்சிட்டுத் தரும். அதிலிருந்து ரப்பர் அச்சு எடுப்போம். அச்சுக்குள் உருகிய மெழுகைச் செலுத்தினால் மெழுகு மோதிரம் வரும். அப்படி நூறு இருநூறு மெழுகு மோதிரங்களை ஒரு மெழுகுத் தண்டில் கிளை கிளையாக ஒட்டுவோம். அதற்கு மரம் என்றுதான் பெயர். ஒட்டுபவர்கள் எங்கள் பட்டறையில் முழுக்கப் பெண்கள். கிளை சரியான சாய்வில் இல்லாவிட்டால் தங்கம் உள்ளே ஓடாது. மரத்தை ஒரு குவளையில் வைத்துச் சாந்து ஊற்றி, உலையில் சுட்டால் மெழுகு எரிந்து போய்விடும், மரத்தின் வடிவில் வெற்றிடம் மிஞ்சும். அதில் தங்கம் ஊற்றுவோம். சின்னக் கல்லாக இருந்தால் மெழுகிலேயே கல்லைப் பதித்துவிட்டு வார்ப்பதும் உண்டு.

ரப்பர், மெழுகு, தங்கம் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் சுருங்கும். அதைக் கணக்குப் போட்டு முதலிலேயே பெரிதாக வரைய வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இதை விட்டுவிட்டேன், ஒரு மரம் முழுக்க ஒரு அளவு சின்னதாக வந்து நின்றது. என்னைத் திட்டாமல் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பட்டறையின் மூத்த ஆசாரி. கணினியைத் தொட்டதே இல்லை அவர். திரையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கால் தாங்காது தம்பி, மெருகு போடும்போதே தேய்ஞ்சிடும்" என்பார். ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னதுதான் நடக்கும்.

வார்த்த பிறகும் வேலை கைதான். கிளையை வெட்டி அரத்தால் ராவுவது, மூட்டு வைப்பது, கல் கட்டுவது, மெருகு. ராவுகிற மேசையில் பாதிப் பேர் வங்காளத்துப் பையன்கள். மேதினிப்பூர், ஹூக்ளி பக்கத்திலிருந்து வருகிறார்கள், அங்கே தாஸ்பூர், காட்டால் பக்கம் ஊர் ஊராக இந்தத் தொழில்தான். ஒருவன் எனக்குச் சாமணத்தால் கம்பியைச் சுருட்டிப் பூ செய்து காட்டினான். மூன்று நிமிடம். வீட்டை விட்டு வந்து பதினோரு வருடம் ஆகிறதாம். 'தமிழ்நாட்டு நகை' என்று நாம் போட்டுக்கொள்வதில் அவன் கையும் இருக்கிறது.

#8 சலங்கை

நாகர்கோவிலிலிருந்து. நான் பரதம் ஆடுகிறேன், என் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் ஊர் வடசேரியை யாரும் சொல்லவில்லையே!

கோயில் விக்கிரகங்களுக்குச் செய்த நகைதான் பிறகு ஆட்டத்துக்கு வந்தது. தலை சாமான், ராக்கொடி, சூரியன் சந்திரன், மாட்டல், ஜிமிக்கி, மாங்காய் மாலை, ஒட்டியாணம் எல்லாம் வடசேரியில் செய்வார்கள். அசல் வேலை என்றால் அடி வெள்ளி. வெள்ளித் தகட்டில் கூடு கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, சிவப்பும் பச்சையுமாகக் கெம்புக் கல்லைப் பதித்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தங்க ரேக்கை வைத்து அழுத்திக்கொண்டே வருவார்கள். கடைசியில் பார்த்தால் வெள்ளி வெளியே தெரியாது. நாகர்கோவில் கோயில் நகை என்று புவிசார் குறியீடும் உண்டு.

என் அரங்கேற்றத்துக்கு அப்பா எடுத்துக் கொடுத்த செட் 29 வருடம் ஆகிறது. வியர்வை, மேடை விளக்குச் சூடு, பயணம், அவ்வளவையும் தாங்கி இன்றும் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது. என் மாணவிகள் இணையத்தில் வாங்கும் செம்பு செட் இரண்டு மேடையில் பச்சை பிடித்துவிடுகிறது. விலை வித்தியாசம் எனக்குத் தெரியும், எல்லோரையும் அசல் வாங்கச் சொல்ல முடியாது. ஆனாலும் வருடத்துக்கு ஒரு மாணவியின் அம்மாவையாவது வடசேரிக்குக் கூட்டிப்போய், அவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வைக்கிறேன். ரேக்கு அழுத்தும்போது அந்த ஐயா பேசவே மாட்டார். மூச்சு பட்டாலே பறக்கும் ரேக்கு.

இந்த வேலை செய்யும் குடும்பங்கள் இப்போது விரல் விட்டு எண்ணுகிற அளவுதான்.

#9 நல்லூரான்

வாசித்துக்கொண்டே இருந்தனான், எழுதாமல் போக மனம் வரவில்லை. நான் யாழ்ப்பாணம், இப்ப கனடா.

எங்கட கலியாணங்களில் பத்தர், அதுதான் நீங்கள் சொல்லுற ஆசாரி, இல்லாமல் ஒன்றும் தொடங்காது. பொன்னுருக்கு என்று ஒரு சடங்கு. நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில், தாலிக்கு வேண்டிய பொன்னை எல்லாருக்கும் முன்னால் பத்தர் உருக்குவார். குத்துவிளக்கு, நிறைகுடம், தேங்காய் எல்லாம் வைத்து, அவர் தன்ர சாமான்களோடு நடுவில் இருப்பார். நாணயம் மூசைக்குள் சிவந்து, இளகி, ஒரு துளியாய்த் திரளும். சபையில் ஒரு சத்தமும் இராது. ஆறினதும் அந்தப் பொன்னைத் தட்டில் வைத்துப் பெரியவர்களிடம் காட்டுவார்கள். பத்தருக்குத் தட்சணை கொடுத்துக் கும்பிட்ட பிறகுதான் மற்ற அலுவல். அன்றைக்கே கன்னிக்காலும் ஊன்றுவோம்.

என்ர கலியாணத்துக்குப் பொன் உருக்கினது ஸ்காபரோவில், மாமா வீட்டுக் கராஜில், வெளியில் பனி. பத்தர் தட்டாதெருப் பக்கத்து மனிசன், 1990-களில் வந்தவர். பகலில் ஒரு தொழிற்சாலையில் வேலை, பொன்னுருக்கு என்றால் வேட்டி கட்டி வந்துவிடுவார். காஸ் விளக்கைப் பிடித்திருந்த அந்தக் கை நடுங்கவே இல்லை. உருகின பொன்னைப் பார்த்து, "நல்ல வடிவாய்த் திரண்டிருக்கு தம்பி, நல்லாய் இருப்பியள்" என்று சொன்னவர். என்ர அப்பா உயிரோடு இல்லை. அன்றைக்கு அந்த வார்த்தை எனக்குப் பெரிய விசயம்.

#10 உரைகல்

ஹால்மார்க் சோதனை மையம் ஒன்றில் வேலை பார்த்திருக்கிறேன். இந்தப் பேச்சில் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது.

2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் கொண்ட எச்யூஐடி என்ற அடையாள எண் இல்லாமல் கடைகள் ஹால்மார்க் நகையை விற்க முடியாது. அந்த எண்ணைத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்தக் கடை பதிவு, எந்த மையத்தில் சோதித்தது, தூய்மை எவ்வளவு என்று வரும். நல்ல ஏற்பாடு, ராஜா அவர்கள் சொன்ன மாதிரியான சந்தேகமெல்லாம் இதனால் குறையும். ஆனால் செய்தவர் பெயர் அதில் எங்கும் கிடையாது. விற்றவர் இருக்கிறார், சோதித்தவர் இருக்கிறார், செய்தவர் இல்லை. இங்கிலாந்தில் 1363-லேயே பொற்கொல்லர் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு முத்திரை வைத்துக் குத்த வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அறுநூற்றைம்பது வருடம் முன்னால் அங்கே முடிந்த காரியம் இங்கே இன்று முடியாதா?

செயலியில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஒரே ஆள் செய்ததாக இருந்தால் அவர் பெயர், பட்டறை வேலையாக இருந்தால் பட்டறையும் ஊரும்.

#11 மெழுகுமரம்

உரைகல் சாருக்கு ஒரு கும்பிடு. எங்கள் பட்டறையில் இதைக் காட்டினேன். மூத்த ஆசாரி இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

#12 பழையபேட்டை ராஜா

பெயர் போடுவது சரி, பணம்? பில்லில் செய்கூலி ஒரு வரி, சேதாரம் ஒரு வரி. இரண்டும் சேர்ந்து ஒரு பவுன் தாலிச் சங்கிலியில் எவ்வளவு போகிறது என்று நமக்குத் தெரியும். ஆசாரிக்கு அதில் எவ்வளவு?

#13 உமியோடு

ராஜா அண்ணா, எங்கள் வீட்டு நடைமுறையைச் சொல்கிறேன், எல்லா ஊரும் ஒன்றல்ல. கடைக்காரர் தங்கம் கொடுப்பார். செய்து முடித்த நகையையும் மிச்சத் தங்கத்தையும் நிறுத்துக் கொடுக்க வேண்டும். நூறு கிராமுக்கு இவ்வளவு என்று ஒரு அளவு சேதாரத்துக்கு விடுவார். அதற்குள் வேலையை முடித்தால் மிச்சம் நமக்கு, அதுதான் கூலியில் பெரும்பகுதி. தாண்டினால் கைக்காசு. பில்லில் உங்களிடம் வாங்கும் சேதாரமும் பட்டறைக்கு விடுகிற சேதாரமும் வேறு வேறு, நடுவில் கடை வாடகை, விளம்பரம், ஏசி, லாபம் எல்லாம் இருக்கிறது. கடையும் பிழைக்க வேண்டும். ஆனால் தங்கம் விலை ஏறினால் சேதாரத்தின் விலையும் தானாக ஏறுகிறது. பட்டறைக்கு விடும் அளவோ இறங்கிக்கொண்டே வந்தது. அப்பா கடைசியாக வேலை செய்த வருடங்களில் அது பழைய அளவில் பாதிகூட இல்லை.

அதனால்தான் ஆசாரி துகளை விடமாட்டார். அரப்பொடி விழ மடியில் துணி, தரையில் பாய். வேலை முடிந்து எழுந்தால் அம்மா மயிலிறகால் பெருக்குவாள். கை கழுவின தண்ணீரைக்கூடத் தொட்டியில் தேக்கி வைப்போம். வருடம் ஒருமுறை அந்த மண்ணைக் கழுவி எடுத்தால் தீபாவளிச் செலவு. மதுரை தெற்காவணி மூல வீதி மாதிரி நகைத் தெருக்களில் சாக்கடை மண்ணை அரித்துத் தங்கம் எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களும் இந்தத் தொழிலில் ஒரு கைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தாத்தாவை உட்கார வைத்தது கடைக்காரர் இல்லை. சீனப் போர் முடிந்த கையோடு, 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. மொரார்ஜி தேசாய் நிதியமைச்சர். 14 கேரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றார்கள். 14 கேரட் என்றால் நூற்றுக்கு 58 பங்குதான் தங்கம். நம் ஊரில் யார் அதில் தாலி செய்வார்கள்? ஒரே மாதத்தில் உமியோடு அணைந்தது. நாடு முழுக்க எத்தனையோ ஆசாரிகள் பிழைக்க வழியில்லாமல் உயிரை விட்டார்கள், விஷமாகக் குடிக்கிற திராவகம் பட்டறையிலேயே இருந்தது. தாத்தா கம்பியச்சை அடகு வைத்துவிட்டு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினார். கேரட் வரம்பைப் பிறகு தளர்த்தினார்கள், 1968-ல் தனிச் சட்டமாகவே போட்டார்கள், 1990-ல்தான் எடுத்தார்கள். தாத்தா திரும்பி வந்து உட்கார்ந்தார். ஆனால் அவருடைய தம்பிகள் இரண்டு பேர் திரும்பவில்லை. அவர்கள் கையில் இருந்த கொடிப்பூ வேலை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பெட்டியில் ஒரு மாதிரித் தகடு மட்டும் இருக்கிறது. அப்பா அதைப் பார்த்து மூன்று முறை முயன்றார், அந்த நெளிவு வரவில்லை.

#14 சலங்கை

உமியோடு தம்பி, அந்தத் தகட்டைப் படம் எடுத்துப் போட முடியுமா? வடசேரி ஐயாவிடம் காட்டிக் கேட்கிறேன். ஒட்டியாணத்தில் கொடி வேலை அவர் செய்வார்.

#15 உமியோடு

ஞாயிறு ஊருக்குப் போகிறேன் அக்கா. எடுத்துப் போடுகிறேன்.

#16 மலைக்கோட்டை மீனா

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கோவை போய் வந்தோம், அம்மாவையும் கூட்டிப்போனேன்.

கல்கட்டு அண்ணன் சொன்னபடி எண்ணி, எடை போட்டு, படம் எடுத்துக் கொடுத்தோம். எதிரிலேயே உட்காரச் சொன்னார். மாடியில் சின்ன அறை, ஜன்னலை ஒட்டிப் பலகை. அரக்கைத் தீயில் காட்டி இளக்கினபோது வந்த வாசனையை அம்மா உடனே அடையாளம் கண்டுகொண்டார். "நம்ம திண்ணையில இதே வாசனைதான்" என்றார்.

மங்கின கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தார். அப்படி எரிகிறது! குழிக்குள் இருந்த தகடு கரிக்கட்டை மாதிரி ஆகியிருந்தது. ஒரு தோட்டுக்கு இரண்டரை மணி நேரம். நடுவில் ஒருமுறை எழுந்து போய்க் கண்ணைக் கழுவிக்கொண்டு வந்தார். சாயங்காலம் ஆனதும், "வெளிச்சம் போச்சு, மத்ததை நாளைக்குப் பார்ப்போம்" என்று வைத்துவிட்டார். விளக்குப் போட்டுச் செய்யலாமே என்றேன். பழைய கல்லைப் பகல் வெளிச்சத்தில்தான் தொடுவாராம்.

திருகாணியைக் கீழ்வீட்டு ஆசாரி புதிதாகச் செய்து கொடுத்தார். மெருகு போட்டவர் எதிர்த் தெருப் பெண். ஆக மூன்று பேர். கேட்ட கூலியைக் கொடுத்தோம், பேரம் பேச அம்மா விடவில்லை.

அண்ணன் ஒரு விஷயம் சொன்னார். தோட்டின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இதைச் செஞ்சவர் நிதானமான ஆள். முதுகுப்பக்கம் யாரும் பார்க்க மாட்டாங்கன்னு விடலை, முன்பக்கம் மாதிரியே ராவியிருக்கார்" என்றார். அம்மாவுக்கு அந்த ஆசாரியின் பெயர் நினைவில்லை, எவ்வளவோ யோசித்தார். அன்று இரவு லாட்ஜில் படுத்த பிறகு, விளக்கை அணைத்ததும் சொன்னார். பெயர் வந்துவிட்டது. தாத்தாவின் கணக்கு நோட்டு ஊரில் பரணில் இருக்கிறது, அதில் எழுதியிருப்பார் என்கிறார். அடுத்த வாரம் போய்ப் பார்க்கப்போகிறோம்.

#17 உமியோடு

அக்கா, நோட்டில் கூலி எவ்வளவு என்று எழுதியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்பா கேட்கிறார். கொடிப்பூத் தகட்டின் படம் கீழே போட்டிருக்கிறேன், சலங்கை அக்கா பார்க்கவும். வலது ஓரத்தில் மூன்றாவது சுருளைத்தான் அப்பாவால் கொண்டுவர முடியவில்லை.